காதால் பார்த்த போர்ப்படம்

எனக்கு இரத்தத்தைக் கண்டால் ஆகாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கொழும்புத்துறையிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர் எங்கள் வாசல் படலையில் வந்து நின்றால், நான் பெட்டிக்குள் பார்க்காமல் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டுதான் மீன் தெரிந்தெடுப்பேன். ("ரீச்சர், மேலை பறக்கிறது கொக்கு. மீன் இஞ்சை கிடக்கு" என்பார் அவர்.) வகுப்பில் ஒரு பிள்ளை முழங்காலை உரசிக்கொண்டு வந்தால் இரண்டு பேர் தேவைப்படும். ஒருவர் பிள்ளைக்கு மருந்து போட. மற்றவர் எனக்குத் தண்ணீர் தெளிக்க.

இப்படிப்பட்ட ஒருத்தியை, நிமிடத்துக்கு நாலு தலை உருளுகிற படத்துக்கு யாராவது நடுவராகப் போடுவார்களா? போட்டார்கள். ஆனால் பிழை போட்டவர்களுடையது அல்ல. கேட்டவுடன் ஓம் என்று தலையாட்டியவளுடையது.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பழைய பாட்டு நாலு மனப்பாடம் இருந்தது. அந்த நாலையும் வைத்துக்கொண்டு நான் நடந்த நடை இருக்கிறதே, இப்போது நினைத்தால் எனக்கே கன்னத்தில் ஒன்று போடவேண்டும் போல இருக்கிறது. எங்கள் சனசமூக நிலையம் குறும்படப் போட்டி வைக்கப்போகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, செயலாளர் குணம் அண்ணை நம்மிடம் வருவார் என்று வீட்டைக் கூட்டித் துப்புரவாக வைத்திருந்தேன்.

வந்தார்.

"ரீச்சர், வல்வெட்டித்துறையிலை ஒரு பெட்டை பழைய காவியம் ஒண்டை எடுத்துப் படம் செய்திருக்கிறாள். ஆக்கள் நடிக்கிற படமில்லை. சித்திரம் கீறி அசைக்கிற படம். எங்களுக்குக் காவியமும் விளங்காது, கீறினதும் விளங்காது. நீங்கள்தான் நடுவரா இருக்கவேணும்."

"காவியமெண்டால் நான்தானே பாக்கவேணும்" என்றேன். (பார்க்கவேணும்! எந்த வாயால் சொன்னேன் பாருங்கள்.)

உள்ளே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த என் கணவர் தலையை நீட்டினார். "உதிலை சண்டை கிண்டை வருமோ எண்டு ஒருக்காக் கேளும்."

நான் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "காவியத்தில் போர் என்பது ஒரு குறியீடு" என்று குணம் அண்ணைக்குச் செந்தமிழில் சொன்னேன். அந்த வசனத்துக்கு என்ன கருத்து என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குணம் அண்ணைக்கும் தெரியாது. ஆனால் அவர் மரியாதையாகத் தலையாட்டினார். அது எனக்குப் போதுமாக இருந்தது.

எந்தக் காவியம் என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் "எங்கடை காவியத்தை" என்று ஒரு கூட்டம் எழும்பும். அன்று எழும்பியதே எனக்கு ஆயுளுக்கும் காணும்.

நடுவர்கள் மூன்று பேர். ஒருவர் ஓய்வுபெற்ற அதிபர் ஐயா. மற்றவர் கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கிற ரவி அண்ணை. மூன்றாவது நான். போட்டிக்கு வந்த மற்றப் படங்களை எல்லாம் ஒரே நாளில் நிலையத்திலேயே போட்டுப் பார்த்துவிட்டோம். அதில் டெங்கு நுளம்பு பெருகுவதைப் பற்றிய ஒரு படம் நன்றாக இருந்தது. காவியப் படம் மட்டும் முடிவுத் தேதி நெருங்கித்தான் முடிந்தது. அதனால் அதை அந்தப் பெட்டையே பென் டிரைவில் போட்டு ஒவ்வொரு நடுவர் வீட்டுக்கும் கொண்டுவந்து தந்தாள்.

பெயர் நிரோஜா. இருபத்து மூன்று வயது. மெல்லிய பிள்ளை. கண் இரண்டும் நித்திரை காணாமல் சிவந்துபோய் இருந்தன. "இரண்டு வருசம் ரீச்சர். தனியக் கீறினனான்" என்றாள். முதல் பரிசு கிடைத்தால் கொழும்பில் ஒரு வருடம் அசைபடம் செய்யப் படிக்கலாம். படிப்பும் தங்குமிடமும் கனடாவில் இருக்கிற ஒரு ஊர்க்காரரின் பொறுப்பு.

"அப்பா சொல்லிப்போட்டார் ரீச்சர். முதல் பரிசு வந்தால் கொழும்புக்கு விடுவாராம். வராட்டில் உந்தக் கீறலை நிப்பாட்டிப்போட்டு..." என்று இழுத்தாள்.

"நிப்பாட்டிப்போட்டு?"

"உங்களை மாதிரி ரீச்சராப் போகட்டாம்."

அதைச் சொல்லும்போது அவளுடைய முகத்தில் இருந்த துக்கத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்வது பொய். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தப் பென் டிரைவ் மேசை லாச்சிக்குள் கிடந்தது. இன்றைக்குப் பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளிக்கொண்டே போனேன். அதற்குள் கந்தசட்டி விரதம் தொடங்கிவிட்டது. ஆறு நாளும் பாலும் பழமும்தான். ஐந்தாம் நாள் மத்தியானம் குணம் அண்ணையிடமிருந்து தொலைபேசி. "ரீச்சர், நாளைக்குக் காலமை புள்ளித்தாள் வேணும். மற்ற இரண்டு பேரும் தந்திட்டினம்."

கணவர் வேலைக்குப் போயிருந்தார். நான் சாப்பாட்டு மேசையில் லப்டொப்பை வைத்து, பக்கத்தில் புள்ளித்தாளை வைத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு நீதிபதியின் தோரணையில் படத்தைத் தொடக்கினேன்.

முதல் நிமிடம் நல்ல வடிவு. உப்புக்காற்று அடிக்கிற வெளி, நூறு தேர், குதிரைகளின் பிடரி மயிர்கூடத் தனித்தனியாகத் தெரிகிறது. நான் பேனையை எடுத்தேன். இரண்டாவது நிமிடம் ஒரு வாள் சுழன்றது. ஒரு தலை கழன்று மேலே போய், அங்கே நின்று கண்ணைச் சிமிட்டிவிட்டுக் கீழே வந்தது.

முருகா! சேலைத் தலைப்பு தானாக என் முகத்துக்கு வந்துவிட்டது. காது கூவியது. விரத நாளில் இரத்தம் பார்த்தாயே பாவி என்று ஒரு மனம். நாளைக்குப் புள்ளித்தாள் கொடுக்கவேண்டுமே என்று மற்ற மனம். நிறுத்தவும் பயம், பார்க்கவும் பயம்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. எங்கள் கோயில்களில் விரத காலத்தில் புராணம் படிக்கிற வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒருவர் பாட்டை இராகத்தோடு படிப்பார். பக்கத்தில் இருக்கிறவர் அதற்குப் பயன் சொல்லுவார். படத்திலும் அப்படித்தான் செய்திருந்தாள். ஒரு கனத்த ஆண்குரல் பாட்டைப் படிக்கிறது. இன்னொரு குரல் கருத்தைச் சொல்கிறது. என்ன குரல் தெரியுமா! எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது.

அந்த இடத்தில்தான் என் அறிவு வேலை செய்தது. கோயிலில் புராணம் படிக்கும்போது நாம் எதையாவது பார்க்கிறோமா? இல்லை. தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறோம். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து "நல்ல படிப்பு" என்று சொல்கிறோம். யாராவது "நீ பார்த்தாயா?" என்று கேட்கிறார்களா? அப்படியானால் இதையும் கேட்டால் என்ன? கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, அதற்கு மேலே சேலையையும் போட்டுக்கொண்டு, கதிரையில் சம்மணம் கட்டி உட்கார்ந்தேன்.

மிச்சப் படம் முழுவதையும் அப்படித்தான் பார்த்தேன். பயன் சொல்கிறவர் "தலைகள் தாமரைபோலச் சாய்ந்தன" என்றார். நான் தாமரையைத்தான் நினைத்துக்கொண்டேன். இடையிலே மழை பெய்கிற சத்தம். பிறகு மடார் மடார் என்று தேங்காய் உடைகிற சத்தம். போருக்குப் போகுமுன் கோயிலில் உடைக்கிறார்களாக்கும் என்று எடுத்துக்கொண்டேன். ஓர் இடத்தில் அந்தக் குரல் தழுதழுத்தபோது நான் விம்மி விம்மி அழுதேன். (வெறும் வயிற்றில் எனக்கு அழுகை கெதியாக வரும்.) பிறகு ஒரு சத்தமும் இல்லை. பத்து எண்ணிப் பார்த்தேன். படம் முடிந்துவிட்டது என்று கையால் தடவி லப்டொப்பை மூடினேன்.

புள்ளித்தாளில் நாலு பகுதி. கதைக்கு இருபத்தைந்து, இசைக்கு இருபத்தைந்து, மொழிக்கு இருபத்தைந்து, காட்சிக்கு இருபத்தைந்து. முதல் மூன்றுக்கும் வாரி இறைத்தேன். காட்சி என்ற இடத்தில் பேனை கொஞ்சம் நின்றது. ஒரு நிமிடம் பார்த்தோமே, அந்தக் குதிரை மயிர் நன்றாகத்தானே இருந்தது என்று இருபத்து நாலு போட்டேன். மொத்தம் தொண்ணூற்றாறு.

அதோடு விட்டிருந்தால் தப்பியிருப்பேன். கீழே "நடுவர் கருத்து" என்று ஒரு வெற்றிடம் இருந்தது. வெற்றிடத்தைக் கண்டால் நிரப்பாமல் விடுகிற பழக்கம் என்னிடம் இல்லை. புத்தக வெளியீடுகளில் பேசிப் பேசி ஊறிப்போன கை அது. "கண்ணுக்குக் குளிர்ச்சியான காட்சிகள். கோயிலில் தேங்காய் உடைக்கும் காட்சி தத்ரூபம். சிறுவர் முதல் முதியோர் வரை குடும்பத்தோடு கண்டு களிக்கத்தக்கது" என்று எழுதி, கீழே பட்டத்தோடு கையெழுத்தும் வைத்தேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை பின்னேரம் பரிசளிப்பு. நிலையத்தின் மண்டப யன்னல்களைப் படங்குச் சீலையால் மூடி இருட்டாக்கியிருந்தார்கள். என் சட்டையில் குணம் அண்ணையின் மனைவி "நடுவர்" என்று ஒரு றிபன் பூவைக் குத்திவிட்டா. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போன நான், முன்வரிசையைப் பார்த்து நின்றுவிட்டேன். பாயில் முப்பது குஞ்சுகள். முன்பள்ளிப் பிள்ளைகள். நடனம் ஆடி முடித்து மயில், முயல், பூசணிக்காய் வேடங்களோடு இருந்தார்கள்.

"உவையளை ஏன் இருத்தி வைச்சிருக்கிறியள்?" என்று குணம் அண்ணையிடம் கேட்டேன்.

"நீங்கள்தானே ரீச்சர் எழுதினீங்கள், சிறுவர் முதல் எண்டு. அதுதான் மறிச்சு வைச்சிருக்கிறன்" என்று சந்தோசமாகச் சொன்னார்.

என் மனதில் அந்த ஒற்றைத் தலை, கண்ணைச் சிமிட்டிய தலை, எழும்பிவந்தது. ஒரு தலைதானே, இரண்டாவது நிமிடத்தில் வரும், அப்போது நாம் பலமாக இருமினால் பிள்ளைகள் நம்மைப் பார்ப்பார்கள் என்று ஒரு திட்டம் போட்டேன்.

குணம் அண்ணை மைக்கைப் பிடித்து முதல் பரிசை அறிவித்தார். நிரோஜா முகத்தைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் வெள்ளை வேட்டியோடு அகலமான ஒரு மனிதர், அவளுடைய அப்பா, வள்ளக்காரர். அவர் மகளின் தலையில் கையை வைத்தார். பிறகு குணம் அண்ணை என் கருத்தை ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "கோயிலில் தேங்காய் உடைக்கும் காட்சி" என்ற இடத்தில் நிரோஜாவின் கை முகத்திலிருந்து கீழே இறங்கியது. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் றிபன் பூவைச் சரிசெய்தேன்.

படம் தொடங்கியது. எழுபது பேர் பார்க்கிற இடத்தில், நடுவர் சேலைத் தலைப்பால் முகத்தை மூடமுடியாது. அன்றுதான் நான் அந்தப் படத்தைக் கண்ணால் பார்த்தேன்.

ஒரு தலை இல்லை ஐயா. எண்ணவே முடியாது. நான் மழை என்று நினைத்தது மழை அல்ல. அதன் நிறம் சிவப்பு. தேங்காய் என்று நினைத்ததும் தேங்காய் அல்ல. கதாயுதம் மண்டையில் விழுகிற ஒவ்வொரு தடவையும் அந்த மங்கலமான மடார். ஒரு யானை ஒருவனை எடுத்து இரண்டாக்கியது. நான் இருமினேன். அது மூன்றாக்கியது. நான் இன்னும் பலமாக இருமினேன். பக்கத்தில் இருந்த கணவர் தண்ணீர்ப் போத்தலை நீட்டிக்கொண்டே காதுக்குள் கேட்டார்: "இதோ உம்மடை கண்ணுக்குக் குளிர்ச்சி?"

பூசணிக்காய் வேடம் போட்ட ஒரு சின்னப்பெட்டை எழும்பி நின்று, "அம்மா, அந்த மாமாவின்ரை தலை எங்கை?" என்று கத்தினாள். அவ்வளவுதான். தாய்மார் பிள்ளைகளின் கண்ணைப் பொத்த ஓடினார்கள். யாரோ விளக்கைப் போட்டார்கள். படம் நின்றது.

"ஆர் உதைப் பிள்ளையளுக்குக் காட்டச் சொன்னது?" என்று ஒரு தாய். "எங்கடை காவியத்தை இறைச்சிக்கடை ஆக்கிப்போட்டாள்" என்று ஒரு கிழவர்.

"ஆறாம் நாள் கோயிலிலை அசுரன்ரை தலையை வெட்டேக்கை, இதே பிள்ளையளைத் தோளிலை ஏத்தி வைச்சுத்தானே காட்டினனியள்?" என்று ரவி அண்ணை கேட்டார். அவரை ஒருவரும் சட்டைசெய்யவில்லை.

அதிபர் ஐயா எழும்பினார். "நான் அப்பவே வன்முறை மிகையெண்டு எழுதித் தந்தனான்."

"ஐயா, உங்கடை கையெழுத்து எனக்கு விளங்கேல்லை" என்றார் குணம் அண்ணை. பாவம், அவர் வேர்த்து விறுவிறுத்துப்போய் நின்றார். "ரவி தொண்ணூறு, நீங்கள் நாப்பது. ரீச்சரின்ரை தொண்ணூத்தாறாலைதான் முதலாமிடம் வந்தது. அவவின்ரை புள்ளியை எடுத்தால் நுளம்புப் படம் முதலாவது." மைக் என் கைக்கு வந்தது. "ரீச்சர்தான் விளக்கம் சொல்லவேணும்."

"காவியத்தில் போர் என்பது..." என்று தொடங்கினேன்.

"அது கிடக்கட்டும் ரீச்சர்" என்றா முன்னால் நின்ற ஒரு தாய். இடுப்பில் மயில். "உதிலை கோயில் எங்கை? தேங்காய் உடைக்கிறது எங்கை?"

மண்டபம் முழுவதும் என்னைப் பார்த்தது. நான் நிரோஜாவைப் பார்த்தேன். அந்த இடத்தைப் பிறகு வெட்டிவிட்டேன் என்று அவள் ஒரு சொல் சொன்னால் என் மானம் தப்பும். அவளோ தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பார்த்தேன் என்று நான் பொய் சொன்னால், இதைப் பார்த்துவிட்டும் குழந்தைகளைக் கூப்பிட்ட விசரியின் புள்ளி எதற்கு என்று தள்ளுவார்கள். பார்க்கவில்லை என்று உண்மையைச் சொன்னாலும் தள்ளுவார்கள். எப்படிப் பார்த்தாலும் அவளுடைய கொழும்பு போய்விட்டது. அதைப் போக்கடித்தவள் நான்.

"நான் படத்தைப் பாக்கேல்லை" என்றேன். மைக் கீச்சென்று கத்தியது. "கேட்டனான். கண்ணை மூடிக்கொண்டு."

பிறகு ஒரே ஒரு சிரிப்பு கிளம்பியது. அந்தச் சிரிப்பு எனக்கு நல்ல பழக்கம். அதோடுதான் நான் குடும்பம் நடத்துகிறேன். அதைப் பிடித்துக்கொண்டு மண்டபமே சிரித்தது.

நிரோஜாவின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. எழும்பி நின்றார். அவர் வாயைத் திறந்ததும்தான் எனக்கு விளங்கியது, என்னை அழவைத்த அந்தக் குரல் அவருடையது என்று.

"என்ரை பிள்ளை இரண்டு வருசம் கண் சிவக்கச் சிவக்க உதைக் கீறினவள். பிழையெண்டு சொல்லுங்கோ, நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறன். பாக்கேல்லையெண்டு மட்டும் சொல்லாதேங்கோ, ரீச்சர்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கெஞ்சுவதுபோலச் சொன்னார். எனக்கு வெட்கத்தில் உடம்பு எரிந்தது. என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் விடைத்தாளை யாராவது வாசிக்காமல் புள்ளி போட்டிருந்தால், நான் கல்வி அலுவலகம் வரை போய் ஆடியிருப்பேன். அந்த நான்தான் இது.

"இப்ப பாக்கிறன்" என்றேன். "எல்லாருக்கும் முன்னாலை. தொடக்கத்திலையிருந்து முடிவு மட்டும். பாத்திட்டுப் புள்ளி போடுறன்."

அதிபர் ஐயா யோசித்தார். "கண் திறந்தபடி" என்றார்.

"திறந்தபடி."

பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். (அவர்கள் அழுதது அப்போதுதான். பூசணிக்காய் கதவைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றது.) பெரியவர்கள் ஒருவரும் எழும்பவில்லை. மண்டபத்தின் நடுவில் எனக்கு ஒரு கதிரை போட்டார்கள். ரவி அண்ணை ஆதாரத்துக்கு என்று கமெராவை என் முகத்துக்குத் திருப்பினார். கணவர் தன் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்தார். ஆறுதலுக்கு என்று நினைத்தேன்.

"கண்ணை மூடினீரெண்டால் கிள்ளுவன்" என்றார்.

கிள்ளினார். முதல் தலைக்கு ஒரு கிள்ளு. யானைக்கு இரண்டு கிள்ளு. தேர்ச் சில்லு ஏறிய இடத்தில் அவர் கிள்ளிய கிள்ளில் நான் "ஐயோ அம்மா" என்று கத்த, சனம் படத்தில்தான் கத்துகிறார்கள் என்று நினைத்தது. வேர்வை ஓடியது. றிபன் பூ நனைந்து சாயம் சட்டையில் இறங்கியது. ஆனால் கண்ணைத் திறந்தபடி பார்த்தேன். அரைவாசிக்குப் பிறகு ஒன்று தெரிந்தது. வெட்டுகிறவனின் முகத்தை அவள் ஓர் இடத்திலும் வீரமாகக் கீறவில்லை. ஒவ்வொரு தலை விழும்போதும் அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழடாகிக்கொண்டு வந்தது.

பிறகு சத்தம் நின்றது. நான் லப்டொப்பை மூடிய இடம். படம் முடியவில்லை, இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

போர் முடிந்த வெளி. பெண்கள் வருகிறார்கள். ஒருத்தி குனிந்து ஒரு தலையை எடுக்கிறாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துப் பார்க்கிறாள். அவளுடைய பிள்ளை இல்லை. எறியவில்லை, மெதுவாக, நோகாமல் கீழே வைத்துவிட்டு அடுத்ததற்குப் போகிறாள். துடைக்கிறாள். அதுவும் இல்லை. வைக்கிறாள். பாட்டும் இல்லை, பயனும் இல்லை. சும்மா நடந்துகொண்டே இருக்கிறாள். கடைசிவரைக்கும் அவள் பிள்ளையைக் கண்டுபிடிக்கவில்லை. படம் அப்படியே முடிகிறது.

எங்கள் ஊரில் அந்த நடையைத் தெரியாத வீடு குறைவு. இரத்தம் அந்த வெளி முழுவதும் கிடந்தது. எனக்கு மயக்கம் வரவில்லை. அழுதேன், இந்தமுறை விரதம் இல்லாமலே.

அப்போதுதான் கவனித்தேன், கொஞ்ச நேரமாகக் கிள்ளு விழவில்லை. கணவரின் கை என் கையில் சும்மா கிடந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இருந்தார். அவருடைய மூத்த அண்ணை சண்டை முடிந்த காலத்தில் காணாமல் போனவர். அவர்களுடைய தாய், என் மாமி, அவரைத் தேடி எத்தனை முகாம், எத்தனை வாசல் ஏறி இறங்கினவ என்று எனக்குத் தெரியும். சாகும்வரை மாமி அதைக் கதைத்ததில்லை. இவரும் கதைப்பதில்லை. நான் அவரைக் கிள்ளவில்லை.

விளக்கு வந்ததும் புள்ளித்தாளை வாங்கினேன். காட்சிக்கு இருபத்தைந்து. கருத்து என்ற வெற்றிடத்தில் "முழுதும் பார்த்தேன். பெரியவர்களுக்கு மட்டும்" என்று எழுதி, பட்டம் போடாமல் கையெழுத்து வைத்தேன். அதிபர் ஐயாவும் தன்னுடைய தாளைத் திருப்பிக் கேட்டு வாங்கி எதையோ திருத்தினார். கடைசி ஐந்து நிமிடத்தை அவர் முதலில் பார்த்திருந்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தகுதி எனக்கு இல்லை. நிரோஜாவுக்கே முதல் பரிசு. அதே மூச்சில், இனி என்னை எந்தப் போட்டிக்கும் நடுவராகக் கூப்பிடுவதில்லை என்றும் நிலையம் தீர்மானித்தது. அதற்குக் கைதட்டல் இன்னும் பலமாக இருந்தது.

போகும்போது நிரோஜா என்னிடம் வந்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"ரீச்சர், அது உண்மையிலை தேங்காய்ச் சத்தம்தான்" என்றாள். "எங்கடை வீட்டு முத்தத்திலை அப்பா உடைக்க உடைக்கப் பதிஞ்சனான். ஒரு கிழமை வீட்டிலை தேங்காய்ச் சம்பல்தான்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு அவள் கொழும்புக்குப் போனாள். இப்போது அவள் கீறுகிற படங்கள் எங்கெங்கோ போகின்றன. ரீச்சராகவில்லை என்பதில் எனக்கு நிம்மதி.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. வீட்டில் நான் ஒரு சேலையை நல்லது என்றால், "கண்ணாலையோ, காதாலையோ?" என்று மகள் கேட்கிறாள். கறிக்கு உப்புக் காணும் என்றால் அதே கேள்வி. ரவி அண்ணை எடுத்த என் முகத்தின் வீடியோ கனடா வரை போயிருக்கிறது. கலியாண வீடு, பிறந்தநாள், எங்கே நாலு பேர் கூடினாலும் கணவர் இந்தக் கதையைத் தொடக்கிவிடுவார். சேலைத் தலைப்பில் தொடங்கி, நூறு பேர் இருந்தார்கள் என்று கூட்டி, நான் கதிரையோடு விழுந்தேன் என்று இல்லாததையும் சேர்த்து, கிள்ளின இடத்தை எல்லாம் என் கையைப் பிடித்துக் காட்டி, சனத்தை வயிறு நோகச் சிரிக்கவைப்பார். யாராவது ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டாயம் கேட்பார்கள்: "அதுசரி, படம் கடைசியிலை எப்பிடி முடியுது?"

அவர் பிடித்திருந்த என் கையை விடுவார். பிறகு என் பக்கம் கையைக் காட்டுவார்.

"அதை இவவைக் கேளுங்கோ. பாத்தது இவதான்."